உதிரும் பொன்னும் உதிராத பசுமையும்

சித்திரை மாதத்து வெயிலில், பழைய இலைகளை ஏறக்குறைய முழுவதும் உதிர்த்துவிட்டு, கிளைதோறும் முழ நீளப் பொற்சரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் சரக்கொன்றையையும், குளிரூட்டிய கூடத்தின் மூலையில், பன்னிரண்டு மாதமும் ஒரே பச்சையாகக் கண்ணாடிக் குடுவையிலிருந்து வழிந்து படரும் மணி பிளாண்டையும் அருகருகே வைத்து, இவற்றுள் எதை வளர்க்க விரும்புகிறீர்கள் என்று இன்றைய நகரவாசிகளைக் கேட்டால், பெரும்பாலோர் வாயால் முன்னதைப் புகழ்ந்துவிட்டுக் கையால் பின்னதைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குக் காரணம் அவர்களுக்கு ரசனை இல்லாமை என்று நான் சொல்லமாட்டேன். கொன்றை பூத்திருக்கும் வீதியில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளாதவர் யார்? ஆயினும், அதே மரம் தம்முடைய குடியிருப்பின் வாசலில் நின்று, காரின் மீது பூவையும், நடைபாதையின் மீது இலையையும், மற்றொரு பருவத்தில் கரிய நீண்ட காய்களையும் உதிர்க்கத் தொடங்கினால், குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அது ஒரு புகாராகிவிடுகிறது, புகார் தீர்மானமாகிறது, தீர்மானத்தின்பின் ரம்பம் வருகிறது. உதிராதிருப்பதே ஒரு தாவரத்தின் தலையாய குணம் என்று நாம் எண்ணத் தலைப்பட்டுவிட்டோம்; அந்த எண்ணத்தைத்தான் இங்கே பரிசீலிக்க விரும்புகிறேன்.

முதலில் மணி பிளாண்டுக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பசிபிக் மகாசமுத்திரத்தில், தாஹிட்டிக்கு அண்டையிலுள்ள மூரெயா என்னும் சிறு தீவைப் பூர்விகமாகக் கொண்ட இக்கொடி, 1880-இல் ஐரோப்பியத் தாவர நூலார் கண்ணில் பட்டுப் பெயர் பெற்று, ஒரு நூற்றாண்டுக்குள் உலகத்தின் வெப்பநாடுகள் அனைத்திலும், குளிர்நாட்டு வீடுகளின் ஜன்னலோரங்களிலும் குடியேறிவிட்டது. பெருமரங்களின் நிழலில் அடிமரத்தைப் பற்றி ஏறிப் பழகிய ஜாதியாதலால், வெளிச்சம் குறைந்த அறையிலும் அது வாடுவதில்லை. நீர் ஊற்ற மறந்தாலும் பொறுத்துக்கொள்கிறது. ஒரு கணுவைக் கிள்ளி நீரில் இட்டாலே வேர்விடுகிறது. மண் என்பதே காணக் கிடைக்காத நான்காம் மாடியில், வாடகை அறையில் வாழ்பவனுக்கு அந்தச் சிறு பசுமை அளிக்கும் ஆறுதலைப் பரிகசிக்க எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால், அந்த மாறாத பசுமைக்கு அக்கொடி கொடுத்திருக்கும் விலையையும் அறிந்துகொள்வது நல்லது. தன் சுபாவப்படி ஒரு பெரிய மரத்தைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும்போது, மணி பிளாண்டின் இலை முறம் போல் அகன்று, ஓரங்களில் பிளவுபட்டு, நாம் வீட்டில் காணும் இலைக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் கம்பீரமாக மாறிவிடுகிறது. குடுவையில் நாம் வளர்ப்பதோ அதன் பால்யம் மாத்திரமே. அது வளர்ந்து பெரிதாவதற்கு வேண்டிய மரமும் உயரமும் நம் கூடத்தில் இல்லாமையால், ஆயுள் முழுவதும் குழந்தையாகவே அதை நாம் வைத்திருக்கிறோம். பூப்பதோ அதற்கு ஏறக்குறைய வாய்க்காத விஷயம். இயல்பாக அது மலர்ந்ததைக் கண்ட சந்தர்ப்பங்கள் மிக அரிது. மலர்ச்சிக்கு வேண்டிய கிப்பெரெல்லின் என்னும் ரசாயனத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் மரபணு அதில் பழுதுபட்டிருப்பதே காரணம் என்பதை, 2016-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்து, அப்பொருளை வெளியிலிருந்து தெளித்து அதைப் பூக்கவும் வைத்தார்கள். ஆகவே, உலகெங்கும் வீடுகளில் படர்ந்திருக்கும் இக்கொடிகள் விதையால் பிறந்தவை அல்ல. வெட்டி வெட்டி நட்ட தண்டுகளின் சந்ததி.

அறைச்செடிகள் காற்றைச் சுத்திகரிக்கின்றன என்று விற்பனையாளர்கள் சொல்லும் பெருமைக்கு மூலம், 1989-இல் அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாசாவின் சார்பில் நடந்த ஓர் ஆராய்ச்சி. அந்தச் சோதனை காற்று புகாமல் அடைத்த சிறு பெட்டிகளில் நிகழ்ந்தது. நாமோ கதவும் ஜன்னலும் உள்ள வீடுகளில் வசிக்கிறோம். பல்லாண்டுச் சோதனைகளைத் தொகுத்து 2019-இல் டிரெக்சல் சர்வகலாசாலையினர் கணக்கிட்டபோது, சாதாரணக் கட்டடத்தில் இயல்பாக வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று தெரிந்தது. அவ்வளவு செடிகளை வைத்தபின் மனிதர் வசிக்க இடம் ஏது? போதாக்குறைக்கு, குடுவை நீரை வாரந்தோறும் மாற்றாவிட்டால் டெங்குக் கொசுவுக்கு அதுவே பிரசவ அறையாகிறது. அதே கொடியைக் காட்டில் விட்டாலோ, இலங்கையின் ஈரவலயக் காடுகள் சிலவற்றில் நேர்ந்திருப்பதுபோல், தரையை மூடி மரத்தில் ஏறி உள்ளூர்ச் செடிகளை அமுக்கிவிடுகிறது.

இனிக் கொன்றையைப் பார்ப்போம். அது நம் நாட்டு மரம். பாரத உபகண்டத்தின் காடுகளிலும் தென்கிழக்காசியாவிலும் தானே வளர்வது. அதன் பூவுக்குக் கேசரங்கள் பத்து. அவற்றுள் மூன்று நீண்டு கொக்கிபோல் வளைந்தவை, மற்றவை குட்டையானவை. பெரிய கருவண்டு வந்து பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிரவைத்து மகரந்தத்தைக் கறந்துகொள்ளும்போது, அடுத்த பூவுக்குரிய மகரந்தமும் அதன் மேனியில் அப்பிக்கொள்கிறது. தளிர் இலைகளை வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் தின்கின்றன. காயின் உள்ளே அறை அறையாக இருக்கும் இனிப்பான கரிய சதையை நரியும் குரங்கும் கரடியும் உண்டு விதையைப் பரப்ப, சித்த வைத்தியரோ அதே சதையை, சரக்கொன்றைப் புளி என்ற பெயரில், மலச்சிக்கலுக்கு மருந்தாகக் கொடுக்கிறார். நாம் எதைக் குப்பை என்று பெருக்கித் தள்ளுகிறோமோ, அது வேறொரு ஜீவனின் ஆகாரம்.

அதனினும் பெரிய உபகாரம் ஒன்று உண்டு: கொன்றை காலத்தைக் காட்டுகிறது. கடிகாரமும் நாட்காட்டியும் இல்லாத நாளில், முல்லை நிலத்து மாந்தர்க்குக் கார்காலத்தின் வரவை அறிவித்த அடையாளங்களுள் கொன்றை மலரும் ஒன்று. தலைவன் வருவதாகச் சொன்ன பருவம் வந்துவிட்டதே என்று கலங்கும் தலைவியிடம், இது கார் அன்று, காலம் தவறிப் பெய்த மழையைக் கண்டு இந்தப் பேதைக் கொன்றை பூத்துவிட்டது என்று தோழி தேற்றுவதாகக் குறுந்தொகையில் ஒரு பாட்டு இருக்கிறது. மரத்தின் மேல் பழி சுமத்தித்தான் மனிதனின் வாக்கைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்றால், மரத்தின் சாட்சியத்துக்கு அந்நாளில் எவ்வளவு மதிப்பு இருந்திருக்க வேண்டும்! சிவபெருமானின் சடையில் சூட்டி நம் முன்னோர் வணங்கிய பூ அது. கேரளத்தார் விஷுக் கனியில் முதலில் காண விரும்பும் பூ அது. 2001-இல் தாய்லாந்து தன் தேசிய மலராக ஏற்றுக்கொண்டதும் அதுவே. மாறாத பசுமையை இப்படிக் கொண்டாடிய ஜனசமூகம் உண்டா? திருவிழா என்பது வந்துபோகும் ஒன்றுக்கே உரியது. என்றும் இருப்பதற்கு எவரும் நாள் குறிப்பதில்லை.

மணி பிளாண்ட் அதை வளர்ப்பவனுக்கு மாத்திரம் சொந்தம். அவன் கதவைச் சாத்தினால் அதன் பயனும் உள்ளேயே நின்றுவிடும். பூமரமோ யார் வீட்டு வேலிக்குள் நின்றாலும், அதன் நிழல் பேருந்துக்குக் காத்திருக்கும் கிழவிக்கும், அதன் நிறம் பள்ளிக்குச் செல்லும் சிறுவனுக்கும், அதன் மகரந்தம் முகவரி இல்லாத வண்டுக்கும் போய்ச் சேருகிறது. நமக்கு மட்டும் பயன்படுவதை உள்ளே வைத்துக்கொண்டு, பிறர்க்கும் பயன்படுவதைத் தொந்தரவு என்று வெட்டுவது நாகரிகமாகுமா என்பதுதான் நான் கேட்கும் கேள்வி.

இடம் இல்லையே என்பார்கள். பத்து வாகனங்களுக்குச் சிமெண்டுத் தரை போட இடம் கண்ட குடியிருப்பில், ஒரு மரத்தடிக்கு மட்டும் மண்ணை மூடாமல் விட இடம் இல்லை என்பதை நம்புவது கடினம். கொன்றை ஆலமரம்போல் அகலக் கால்பரப்புவதும் அன்று. நடுத்தர உயரமுள்ள வீதிமரம். வேரூன்றிவிட்டால் கோடை வறட்சியையும் தாங்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில், நல்ல குழியாகத் தோண்டி ஒரு கன்றை நட்டு, முதல் இரண்டு கோடைகளுக்கு நீர் வார்த்தால், பின்னர் அது நம்மிடம் அதிகம் கேட்பதில்லை.

கூடத்தில் மணி பிளாண்ட் இருக்கட்டும். அதன் மேல் எனக்கு விரோதம் இல்லை. வாசலில் ஒரு பூமரம் இருக்க வேண்டும் என்பதும், முன்னது பின்னதற்கு ஈடாகாது என்பதுமே என் வாதம். கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் நகராட்சிகளும் மாநகராட்சிகளும், ஒவ்வொரு புதிய குடியிருப்பிலும் ஒரு நாட்டுப் பூமரத்துக்குரிய திறந்த மண்ணை வரைபடத்திலேயே காட்டச் செய்ய வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் மரத்தை வெட்டத் தீர்மானம் எழுதுமுன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: உதிர்ந்த பூவைப் பெருக்கக் கால் மணி நேரம் போதும், வெட்டிய மரம் மறுபடி பூக்கப் பல ஆண்டுகள் ஆகும்.