இரவல் விண்ணும் உரிமை விண்ணும்

ஒரு கதையை உருவாக்கியவனுக்கும் அதனை விரும்பிக் காண்பவனுக்கும் இடையே ஒரு வணிகன் வந்து நின்றுகொண்டு, கதை எப்பொழுது தொடங்க வேண்டும், எப்பொழுது முடிய வேண்டும், எந்தப் பகுதி முன்னே வரவேண்டும், எது பின்னே போகவேண்டும் என்றெல்லாம் முடிவு செய்வானாயின், அக்கதை யாருடையது? அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அறிவியற் புனைவு எழுதுவோர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா இது. 2002ஆம் ஆண்டில் பாக்சு நிறுவனம், 'மின்மினி' எனப் பொருள்படும் 'பயர்பிளை' என்னும் விண்வெளித் தொடரை ஒளிபரப்பிற்று. எடுக்கப்பெற்ற பகுதிகள் 14, ஒளிபரப்பப்பெற்றவை 11. அவையும் எழுதிய முறையில் வரவில்லை. கதைமாந்தர் இன்னார் இன்னார் என அறிமுகஞ் செய்யும் முதற்பகுதி, தொடரையே நிறுத்திவிட்ட பின்னர்க் கடைசியாகக் காட்டப்பெற்றது! வண்டிக்குப் பின்னே மாட்டைக் கட்டிவிட்டு, வண்டி ஏன் ஓடவில்லை என்று கேட்டது போலாயிற்று. பார்ப்போர் தொகை போதவில்லை என்பதே அவர்கள் காட்டிய கரணியம்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. தொலைக்காட்சி நிறுவனம் விற்கும் பண்டம் கதையன்று, பார்ப்போரின் பொழுதே. அதனை வாங்குவோர் விளம்பரக்காரர். குடும்பக் கதைக்கு ஒரு கூடமும் ஓர் அடுக்களையும் போதும். விண்வெளிக் கதைக்கோ இல்லாத கலத்தைக் கட்டவேண்டும். இல்லாத உலகத்தைக் காட்டவேண்டும். உடைமுதல் ஒப்பனைவரை யாவும் புதிதாகச் செய்யவேண்டும். செலவு மிகுந்த பண்டம் போதிய ஊதியம் ஈட்டவில்லையெனின், முதலில் வெட்டுண்பது அதுவே.

இந்தப் பிடியிலிருந்து விடுபட முயன்றோர் இருவகையினர். பிறர் படைத்த விண்ணை இரவல் வாங்கித் தம் உழைப்பை அதிற் கொட்டியோர் ஒரு வகை; சிறிதாயினும் தமக்கென ஒரு விண்ணைப் படைத்துக்கொண்டோர் மற்றொரு வகை.

முதல் வகையினருள் குறிக்கத்தக்கவர் சேம்சு காலி என்பவர். எல்விசு பிரெசுலி என்னும் பாடகரைப்போற் கோலங்கொண்டு மேடைகளிற் பாடிப் பொருளீட்டியவர். 1966 முதல் 1969 வரை ஓடி நின்றுபோன 'இசுடார் திரெக்கு' (விண்மீன்களை நோக்கிய செலவு எனலாம்) தொடரின்மேல் இளமைமுதற் பற்றுக் கொண்டிருந்த அவர், அதன் விண்கல உள்ளறைகளின் மூல வரைபடங்களைப் பெற்று, நியூயார்க்கு மாநிலத்தில் அவற்றை அளவு பிசகாமல் மீண்டும் கட்டி, நின்ற இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். 2004 முதல் இணையத்தில் வெளிவந்த அத்தொடரில் ஆதாயமில்லை. விருப்பம் ஒன்றே முதல். மூலத் தொடரில் நடித்த வால்டர் கேனிக், சார்சு தக்கேய் ஆகியோரே வந்து நடித்துக் கொடுத்தனர். தக்கேய் நடித்து 2007இல் வந்த பகுதி, அறிவியற் புனைவுக்குரிய இயூகோ பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இத்துணைத் திறமும் இத்துணை உழைப்பும் இருந்தன. இருந்தும் காலடியில் நிலம் தம்முடையதன்று. அது 2015 திசம்பரில் வெட்டவெளிச்சமாயிற்று. அதே விண்ணுலகை வைத்து 'ஆக்சனார்' என்னும் படம் எடுக்கவென வேறொரு குழுவினர் பொதுமக்களிடம் பத்திலக்கம் தாலருக்கு மேல் திரட்டியிருந்தனர். பாரமவுண்டு, சி.பி.எசு. ஆகிய இரு நிறுவனங்களும் அவர்கள்மேல் வழக்குத் தொடுத்தன. தம் உடைமைகள் எனப் பட்டியலிட்டவற்றுள் கலங்களின் வடிவமும், சீருடைகளும், கூர்ங்காதுகளும் இருந்தன. அவற்றோடு கிளிங்கான் என்னும் ஒரு மொழியும் இருந்தது!

ஆம், மொழிதான். மார்க்கு ஒக்ராண்டு என்னும் மொழியறிஞர் அத்தொடரின் திரைப்படங்களுக்கெனச் சொல்லும் இலக்கணமும் வகுத்துச் செய்த செயற்கை மொழி அது. 1985இல் அதன் அகரமுதலி வெளிவந்தது. பின்னர் அம்மொழியைக் கற்றுப் பேசுவோரும் எழுதுவோரும் தோன்றினர். "பேசுவோர் உள்ள மொழியை எவனும் பெட்டியிலிட்டுப் பூட்டிக்கொள்ள முடியாது" என்னும் கருத்துப்பட, புதுமொழிகளை ஆக்குவோரின் கழகம் ஒன்று 2016இல் வழக்குமன்றத்தில் ஓர் உரை அளித்தது. அவ்வுரையிலேயே கிளிங்கான் தொடர்களையும் ஆங்காங்கே கோத்திருந்தது. மொழி எவனுடைய உடைமை என்னும் அவ்வினாவிற்குத் தனித்த தீர்ப்பு ஏதும் வராமலேயே, 2017 சனவரியில் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. தீர்ப்பு வந்திருக்குமாயின், புனைவுலகிற்கு மட்டுமன்றி மொழியுலகிற்கும் பயன்பட்டிருக்கும்.

வழக்கு நடந்துகொண்டிருந்த 2016 சூன் திங்களிலேயே அந்நிறுவனங்கள் சுவைஞர் படங்களுக்கு நெறிமுறை வகுத்துவிட்டன. ஒரு கதை 15 மணித்துளிக்குள் முடிய வேண்டும். இரண்டு துண்டாயின் மொத்தம் 30 மணித்துளி. தொடராக வளர்த்தல் கூடாது. திரட்டும் பணம் 50,000 தாலரைத் தாண்டக் கூடாது. மூலத் தொடரில் முன்பு வேலை செய்தவர் எவரும் பங்குகொள்ளல் ஆகாது. பிறன் தோட்டத்தில் நீர் பாய்ச்சியவனை, மரம் காய்த்தபின் வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். சட்டப்படி அதில் தவறு காண்பதற்கும் இடமில்லை. காலி தாம் கட்டிய அறைகளை, அந்நிறுவனத்தின் உரிமம் பெற்று, கட்டணஞ் செலுத்தி வந்து காணும் காட்சியகமாக மாற்றிக்கொண்டார்.

இனி மற்றொரு வகையினரைப் பார்ப்போம். 2010ஆம் ஆண்டில் சோசு பெர்னார்டு எழுத, பிரேசி சுமித்து இயக்க, 'பயனியர் ஒன்' (முன்னோடி ஒன்று) என்னும் தொடரின் முதற்பகுதி இணையத்தில் வெளிவந்தது. அதற்கென அவர்கள் பொதுமக்களிடம் திரட்டிய பணம் ஏறத்தாழ 6,000 தாலர். பெருநிறுவனங்கள் ஒருநாட் படப்பிடிப்பின் உணவுக்குச் செலவிடும் தொகையாக இருக்கலாம். இவ்வளவு சிறு பணத்தில் விண்வெளிக் கதை எங்ஙனம் எடுப்பது? அவர்கள் செய்த அறிவுடைமை இங்கேதான் உள்ளது. விண்ணைக் காட்டாமலே விண்வெளிக் கதை சொன்னார்கள்.

வானிலிருந்து ஒரு பொருள் கதிரியக்கத்தைச் சிதறிக்கொண்டு வட அமெரிக்காவில் விழுகின்றது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையினர், பகைவர் தாக்குதலோ என ஐயுற்று ஆராயச் செல்கின்றனர். அது பழைய சோவியத்துக் கலம். உள்ளே நோயுற்ற ஓர் இளைஞன். செவ்வாயிற் குடியேறிய சோவியத்து விண்வெளி வீரர்க்கு அங்கேயே பிறந்தவன் இவன் என்பதே செய்தி. உண்மையா, ஏமாற்றா? கதை முழுவதும் இவ்வினாவைச் சுற்றியே நடக்கின்றது. இதற்கு வேண்டுவன யாவை? சில அறைகள், சில மேசைகள், ஒரு மருத்துவக் கட்டில், ஒருவரையொருவர் நம்பாத சில மனிதர். செவ்வாய், பார்ப்போன் நெஞ்சிலேயே அமைந்துவிடுகின்றது. தொல்லை தந்த வறுமையையே கதையின் இயல்பாக மாற்றிக்கொண்டனர். கலைக்கு இஃதொன்றும் புதிதன்று. நம் தெருக்கூத்தில் ஓர் இருக்கைப்பலகையே அரியணையும் ஆகும், தேரும் ஆகும்.

வெளியிட்ட முறையும் கருதத்தக்கது. நிலையத்தாரிடம் கையேந்தவில்லை. படத்தைப் பெற்ற ஒவ்வொருவர் கணிப்பொறியும் அதன் துணுக்குகளை அடுத்தவர் கணிப்பொறிக்கு வழங்கும் 'பிட்டாரண்டு' என்னும் பகிர்வுமுறையில் 'வோடோ' தளத்தின் வாயிலாக வெளியிட்டனர். காண்போர் பெருகப் பெருக வழங்கும் செலவு குறையும் முறை அது. எவரும் படியெடுத்துப் பிறர்க்குத் தரலாம் எனவும் இசைவளித்தனர். திருட்டு வழி என்று பெருநிறுவனங்கள் பழித்த வழியே இவர்களுக்கு நேர்வழியாயிற்று. அவ்வாண்டே நியூயார்க்குத் தொலைக்காட்சி விழாவில் சிறந்த நாடக முன்னோட்டப் பகுதிக்கான பரிசும் பெற்றனர். அடுத்த பகுதிகளுக்கு வேண்டிய பணத்தை, பார்த்தவர்களே நன்கொடையாக அளித்தனர்.

இரவலிலிருந்து உரிமைக்கு நடந்து சென்றவரும் உளர். பின்லாந்தில் சாமுலி தோர்சோனன் என்பவரும் நண்பர்களும், தாம்பெரே நகரத்துச் சிறு வீட்டையே படப்பிடிப்புக் கூடமாக்கி, ஏழாண்டு உழைத்து, 'இசுடார் இரெக்கு' என்னும் நகையாடற் படத்தை 2005இல் இலவயமாக இணையத்தில் விட்டனர். ஏறத்தாழ ஐம்பது இலக்கம் மக்களே பேசும் பின்னியமொழியிலேயே அதனை எடுத்தனர். உலகம் அவர்கள் மொழியிலேயே கேட்டது. அப்படம் பிறர் உலகைக் கேலி செய்ததேயன்றித் தனியுலகன்று. அந்தப் புகழை முதலாக்கி 2012இல் 'இரும்பு வானம்' என்னும் தம் சொந்தப் படைப்பை வெளியிட்டனர். செலவு 75 இலக்கம் ஐரோ அளவிற்கு உயர்ந்தது. ஒரு பங்கைச் சுவைஞர்களே தந்தனர். ஆனால் அதில் ஒலித்தவை ஆங்கிலமும் செருமன் மொழியுமே. விண் உரிமையாயிற்று; நா இரவலாயிற்று. இதனை முன்னேற்றம் என்று முழுமனத்தோடு சொல்ல இயலவில்லை.

தற்சார்புத் தொடர்களின் குறையையும் மறைத்தல் நேர்மையன்று. நன்கொடை என்பது வானம் பார்த்த புன்செய். இத்தகைய முயற்சிகளில் நடிப்போரும் ஒளிப்பதிவு செய்வோரும் பெரும்பாலும் ஊதியமின்றியோ சிற்றூதியத்திற்கோ உழைக்கின்றனர். அந்த ஈகத்தை ஆண்டுதோறும் எதிர்பார்த்தல் அறமாகாது. பகுதிக்குப் பகுதி இடைவெளி நீளும், காண்போர் மறப்பர். 'பயனியர் ஒன்' தொடரும் 2011இல் ஆறாம் பகுதியோடு நின்றுவிட்டது.

ஆயினும் அது நின்ற வகை வேறு. ஆறு பகுதிகளும் எழுதிய வரிசையிலேயே வெளிவந்தன. எதனையும் எவனும் வெட்டவில்லை. மணித்துளி எண்ணி எவனும் நெறிமுறை வகுக்கவில்லை. பணம் தீர்ந்தது, கதை பறிபோகவில்லை. செவ்வாயில் பிறந்த அவ்விளைஞன், அவனைப் படைத்த இருவரிடமே இருந்தான்.