ஒரு சொல்லும் மூன்று கணக்குகளும்

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவோரைத் திணறவைக்கும் சொற்களுள் 'ஈக்குவிற்றி' என்பதும் ஒன்று. வர்த்தகப் பக்கத்தில் அது 'பங்கு' ஆகிறது. கணக்கியல் பாடநூல்களில் 'உரிமையாண்மை' ஆகிறது. சட்டத்துறையினர் 'ஒப்புரவு' என்கின்றனர். கல்வி, சுகாதாரம் பற்றிய கொள்கை அறிக்கைகளில் 'சமத்துவம்' என்று எழுதிவிடுவதே வழக்கம். இதனை மொழிபெயர்ப்பாளரின் சங்கடம் என்று ஒதுக்கிவிட முடியாது. இச்சொல்லின் குழப்பத்துக்குள் மலையக மக்களின் வாழ்வும் பின்தங்கிய மாவட்டங்களின் மாணவர்களது எதிர்காலமும் அகப்பட்டுக் கிடக்கின்றன.

இச்சொல் நீதிமன்றத்தில் வளர்ந்த சொல். இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தின்படி, காணியை ஈடுவைத்துக் கடன் பெற்றவர் குறித்த நாளில் பணத்தைக் கட்டத் தவறினால் காணி முழுவதும் கடன் கொடுத்தவருக்கே போய்ச் சேரும். சட்டத்தின் இக்கடுமையைத் தணிக்கச் சான்சரி நீதிமன்றம் முன்வந்தது. நாள் தவறினாலும் கடனைத் தீர்த்துக் காணியை மீட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று 17ஆம் நூற்றாண்டில் அந்த நீதிமன்றம் நிலைநாட்டியது. அம்மீட்புரிமைக்கு நியாயத்தைக் குறிக்கும் சொல்லே பெயராயிற்று. கடன் போக ஒருவருக்கு எஞ்சும் உரிமை என்ற இன்றைய நிதித்துறைப் பொருள் அங்கிருந்து வந்ததே. யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் ஒற்றியும் அதனை மீட்கும் உரிமையும் இடம்பெற்றிருப்பதை அறிந்தவர்களுக்கு இக்கருத்து அந்நியமானதன்று.

எனினும் நிதியுலகில் பழைய நியாயம் மெல்லக் கழன்றுவிட்டது. நிறுவனமொன்றின் சொத்துக்களிலிருந்து பொறுப்புக்களைக் கழித்தால் எஞ்சுவது உரிமையாண்மை. நிறுவனம் கலைக்கப்பட்டால் கடன் கொடுத்தோர் அனைவரும் பெற்றுக்கொண்ட பின்னரே பங்குதாரரின் முறை வரும். வியாபாரத்தில் அது அதிகாரத்தின் அளவுகோலும் ஆகிறது. சாதாரண பங்கு ஒன்றுக்கு ஒரு வாக்கு என்பதே பொது விதி. ஆகவே, அதிக பங்கு வைத்திருப்பவரின் குரலே கூட்டத்தில் எடுபடும். சமூகக் கொள்கையிலோ கணக்கு நேரெதிரானது. அங்கே குறைவாக உள்ளவருக்கே கூடுதலாக வழங்கவேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுப்பது சமத்துவம். தேவையறிந்து கொடுப்பது ஒப்புரவு.

இவ்விரண்டு கணக்குகளும் ஒன்றாகக் கலந்தால் என்ன நேரும் என்பதற்கு நமது பெருந்தோட்டத்துறையே சான்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையான தோட்டங்களின் முகாமைத்துவம் 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் அக்கம்பனிகளின் 51 வீதப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டபோது, 10 வீதம் ஊழியர்களுக்கு இலவசமாகப் பகிரப்பட்டது. தொழிலாளியும் உரிமையாளராகிவிட்டார் என்ற தோற்றம் எழுந்தது. அந்தப் பத்து வீதம் ஆயிரக்கணக்கானோரிடையே சிதறிக் கிடக்க, தீர்மானிக்கும் அதிகாரம் 51 வீதத்தை வைத்திருந்தவர்களிடமே இருந்தது. காணியோ அரசின் பெயரில், நீண்டகாலக் குத்தகையில் கம்பனிகளின் கையில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக லயன் அறைகளில் வாழ்ந்த குடும்பத்துக்குத் தான் குடியிருந்த அறையில்கூட உரித்து இருக்கவில்லை. ஈடுவைப்பதற்கே காணியில்லாதவருக்கு மீட்புரிமை எங்கிருந்து வரும்? 2015இன் பின்னர் 7 பேர்ச் காணியுடன் தனிவீடுகள் வழங்கப்படத் தொடங்கியமை வரவேற்கத்தக்கது. எனினும் லயன் அறைகளில் வாழ்வோர் இன்றும் பலர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது நிதியியல் பொருளிலான பங்கு. அவர்களுக்கு உரியது சமூகப் பொருளிலான ஒப்புரவு. முன்னையதைக் கொடுத்துவிட்டதால் பின்னையதும் தீர்ந்துவிட்டதாக எவரும் கணக்கை மூடிவிட முடியாது.

கல்வியிலும் இதே அவதானம் தேவை. 1970களின் தரப்படுத்தல் தமிழ் இளைஞரிடையே ஏற்படுத்திய கசப்பை நாம் அறிவோம். மொழிவாரியாக வெட்டுப்புள்ளிகளை வேறுபடுத்தியதற்கு நியாயம் என்ற பெயர் பொருந்தாது. ஆனால், அதன் பின்னர் உருவான மாவட்டக் கோட்டாவை அதே மூச்சில் நிராகரிப்பதும் சரியன்று. திறமைக்கு 40 வீதம், மாவட்டச் சனத்தொகைக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என நெடுங்காலம் நடைமுறையிலிருந்த பங்கீடு, முல்லைத்தீவு, மன்னார் போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்கும் வழி திறந்தது. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. அது மாவட்டத்தை மட்டுமே பார்க்கிறது. நுவரெலியா மாவட்டத்தின் வசதியான நகரப் பாடசாலை மாணவரும், விஞ்ஞான ஆசிரியரே இல்லாத தோட்டப் பாடசாலையில் தொடங்கிய மாணவரும் ஒரே கோட்டாவுக்குள் போட்டியிடுகின்றனர். மாவட்டத்துக்குக் கிடைத்த ஒப்புரவு மாவட்டத்துக்குள் இறங்கவில்லை.

ஆகவே அரசியல்வாதியோ, கம்பனித் தலைவரோ, உதவி நிறுவனமோ இச்சொல்லை உச்சரிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புவோம். யாருக்கு? எந்த அளவுகோலில்? தீர்மானிக்கும் உரிமை யாரிடம்? வள்ளுவர் 'ஒப்புரவறிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஒப்புரவு அறியப்படவேண்டிய ஒன்று என்பதை அத்தலைப்பே சொல்லிவிடுகிறது. தேவை எங்கே இருக்கிறது என்பதை அறியாமல் பகிரப்படும் எதற்கும் அப்பெயரைச் சூட்டுவதற்கு நாம் இடமளிக்கலாகாது.