ஆறுமணிக்குருவிக்கு லொக்கேஷன் கேட்கும் அன்பர்களுக்கு

அக்டோபர் பிறந்தால் போதும், "தல, ஆறுமணிக்குருவி எங்க இருக்கு? எந்த மரத்தடின்னு கரெக்டா சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சுடறாங்க. சொல்றேன். ஆனா சொல்லப்போறது உங்களுக்குப் பிடிக்காது.

பார்க்காதவங்களுக்காக: மைனாவை விடச் சின்னது. வால் இருக்கா இல்லையான்னே சந்தேகம் வரும். பச்சை முதுகு, சந்தனக் கலர் வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, இறக்கையில் பளீர் நீலம், கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டின மாதிரி கறுப்புப் பட்டை. இந்திக்காரங்க நவரங்னு கூப்பிடறதுல தப்பே இல்லை. நம்மாட்கள் நிறத்தை விட்டுட்டு நேரத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. விடியும்போதும் அடையும்போதும் இரண்டு சுரத்தில் விசிலடிக்கும், அதான் பெயர். (உலகம் முழுக்க இந்தக் குடும்பத்துக்கு வழங்கும் 'பிட்டா' தெலுங்குச் சொல். பிட்ட என்றால் குருவி. மனவாடுகளுக்கு ஒரு ஓ போடுங்க.)

மத்திய இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம்ம பக்கமும் இலங்கைக்கும் வருது. சென்னையில்னா கிண்டி தேசியப் பூங்கா, அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம். போதுமா? போதாது. ஏன்னா இடத்தோட பெயர் விஷயமே இல்லை. இந்தக் குருவி சாப்பிடறது தரையில். நிழலில் தத்தித் தத்திப் போய், சருகைப் புரட்டிப் போட்டு, அடியில் இருக்கற புழு பூச்சியைப் பொறுக்கும். சருகு இருக்கணும், மேலே புதர் மூடியிருக்கணும். அவ்வளவுதான் அதோட லொக்கேஷன்.

அந்த இரண்டையும்தான் நாம ஒழிச்சுக்கிட்டு இருக்கோம். எங்க குடியிருப்பில் சங்கம் கூடி, "புதர் மண்டிக் கிடக்கு, பாம்பு வரும், கொசு வரும்"னு தீர்மானம் போட்டாங்க. வேலியோரத்து நொச்சி, காரை எல்லாத்தையும் வெட்டிட்டு கொரியன் புல் பதிச்சாங்க. வருஷா வருஷம் அந்த வேலியிலிருந்து கேட்ட விசில் அதோட சரி. கொசு பிறக்கறது தேங்கின தண்ணியில் ஐயா, காய்ஞ்ச சருகில் இல்லை. பாம்பு வர்றது எலியைத் தேடி. எலி வர்றது நாம மூட்டை கட்டிப் போடற மிச்சச் சோத்துக்கு. அந்த மூட்டை இன்னிக்கும் அதே இடத்தில்தான் கிடக்கு!

நடைபாதையைக் கூட்டுங்க, குழந்தைகள் ஆடற இடத்தைக் கூட்டுங்க, யார் வேணாம்னது? மதிலோரம் பத்தடி விட்டா எந்தக் குடி முழுகிடும்? கூட்டறதோடயும் நிக்கறதில்லை, குவிச்சுக் கொளுத்தறாங்க. திறந்தவெளியில் குப்பை எரிக்க 2016 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டது. சாதாரணமா எரிச்சா 5,000 ரூபாய், மொத்தமா எரிச்சா 25,000 அபராதம். எங்க தெருவில் யாரும் அஞ்சு பைசா கட்டினதா எனக்குத் தெரியலை.

அடுத்து கேமரா கோஷ்டி. போனில் விசிலை ஓடவிட்டு, குருவியை வெளியே இழுத்துப் படம் எடுக்கறது. குளிர்காலத்திலும் ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு இடம் பிடிச்சு வச்சிருக்கும். விசில் கேட்டதும் இன்னொருத்தன் வந்துட்டான்னு சண்டைக்கு ஓடிவரும். ஆளே இல்லை. பல நூறு கிலோமீட்டர் பறந்து வந்ததைத் திரும்பத் திரும்ப இப்படி ஓடவிட்டா, அது இரை தேடறது எப்போ? இந்தக் கோஷ்டியின் கையில் துல்லியமான மரத்தடி கிடைச்சா பத்து நாளைக்கு அங்கே திருவிழாதான். அதனால்தான் சொல்லமாட்டேன்.

பார்க்கணுமா? அஞ்சரைக்கு எழுந்து, சருகு கிடக்கற தோப்பு ஏதாவது ஒண்ணுக்குப் போங்க. விசில் வர்ற திசையில், தள்ளி, அசையாம உட்காருங்க. வந்தே தீரும்னு பத்திரம் எழுதித் தரமாட்டேன். பெருக்கி மெழுகின இடத்துக்கு வராதுன்னு வேணா எழுதித் தரேன்.

டிஸ்கி: வந்து சேர்ற சமயத்தில் சிலது களைச்சுப்போயோ கண்ணாடியில் மோதியோ வராந்தாவில் விழும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வச்சு, மூடி, சத்தமில்லாத இடத்தில் இரண்டு மணி நேரம் விடுங்க. வாயில் தண்ணி ஊத்தவேண்டாம். தெம்பு வந்ததும் ஏதாவது புதரடியில் கொண்டுபோய் விடுங்க. புதர் மிச்சம் இருந்தா.