யானை வேலியைக் காப்பது யார்?

பெரும்போக நெல் கதிர் தள்ளும் காலம் வந்துவிட்டால் அம்பாறை மாவட்டத்திலிருந்து வரும் செய்திகள் ஒரே மாதிரியானவை. வயல் துவம்சம், மதில் உடைப்பு, தென்னைகள் சேதம். சில வேளை ஒரு ஜனாஸா. மறுநாள், யானை வேலி அமைத்துத் தருமாறு அதிகாரிகளிடம் ஒரு மகஜர் கையளிக்கப்படும்.

கோரிக்கை நியாயமானது. ஆனால் வேலி மட்டும் போதுமா? நாடளாவிய ரீதியில் 4,000 கிலோமீற்றருக்கும் அதிகமான மின்வேலி ஏற்கனவே போடப்பட்டுள்ளது. அப்படியிருந்தும் 2019 இல் 121 பேரும் 405 யானைகளும் உயிரிழந்த நிலை, 2022 இல் 145 பேர், 439 யானைகள் என உயர்ந்தது.

வேலி போடப்படும் இடமே முதல் தவறு. இந்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அதில் சுமார் 70 வீதமான பகுதியில் மனிதர்களும் வாழ்கிறார்கள். யானை சரணாலயத்துக்குள் மட்டும் வாழும் பிராணி அல்ல. ஆனால் பல வேலிகள் திணைக்களங்களின் எல்லைக் கோட்டிலேயே போடப்பட்டுள்ளன. வேலிக்கு இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை. கம்பியில் கொடி படர்ந்தால் அதை வெட்டிவிடவும் அங்கு ஆளில்லை.

குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவ பகுதியில் யானை ஆய்வாளர் கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோவின் குழுவினர் விவசாயிகளுடன் சேர்ந்து வேறு வழியொன்றைச் செய்து காட்டினர். காட்டைச் சுற்றி அல்ல, ஊரைச் சுற்றி நிரந்தர வேலி; வயலைச் சுற்றி போகத்துக்கு மட்டுமான தற்காலிக வேலி. விதைப்போடு கட்டி, அறுவடை முடிந்ததும் கழற்றி விடுவார்கள். பின்னர் யானைகள் வந்து வைக்கோலையும் அரிதாளையும் மேயும். பராமரிப்பது விவசாயிகளே. தமது விளைச்சலைக் காக்கும் வேலி என்பதால் அது விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். 2020 இல் அவரது தலைமையிலான குழு தயாரித்த தேசிய செயற்றிட்டமும் இதையே வலியுறுத்தியது.

இதற்கான அமைப்பு எம்மிடம் புதிதல்ல. ஒவ்வொரு வட்டையிலும் வட்டவிதானை இருக்கிறார். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் அங்கீகரித்த விவசாய அமைப்புகள் இருக்கின்றன. போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளும் வாய்க்கால் துப்புரவும் தீர்மானிக்கப்படுகின்றன. ஆனால் யானை மட்டும் ஒவ்வொருவரின் தனிப்பட்ட தலைவிதியாக விடப்படுகின்றது.

காரணம் வெளிப்படையானது. யானை முதலில் இறங்குவது வட்டையின் ஓரத்து வயலில். நடுவில் காணி உள்ளவருக்கு அந்த அவசரம் தெரிவதில்லை. காணிக்காரர் பலர் கரையோர நகரங்களில் குடியிருக்க, இரவில் பரணில் விழித்திருப்பவர் குத்தகைக்குச் செய்பவரும் கூலிக்காரரும்தான். ஆகவே ஓரத்து விவசாயி தனித்து விடப்படுகிறார். கையில் அகப்படுவது வீட்டு மின்சாரத்தில் இழுத்த சட்டவிரோதக் கம்பியும் ‘ஹக்க பட்டாஸ்’ எனும் வாய்வெடியும். அந்தக் கம்பியில் அடுத்த வயல்காரரும் சாகிறார்.

ஊர்களுக்கும் இதில் பொறுப்புண்டு. அட்டாளைச்சேனைக்கு அருகே பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கை உண்டு எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் சர்வதேச ஊடகங்கள் செய்தி வெளியிட்டன. அது எமது வீடுகளிலிருந்து போன குப்பை. அந்த உணவுக்காக வரும் யானைதான் திரும்பும் வழியில் வயலிலும் இறங்குகிறது.

வனப் பாதுகாப்பு என்றாலே எம்மவர் அச்சம் கொள்வதற்கும் காரணம் உண்டு. வர்த்தமானி அறிவித்தல்களால் செய்கைக் காணிகளை இழந்த குடும்பங்கள் கிழக்கில் ஏராளம். அந்த உரிமைக் கோரிக்கை தொடரத்தான் வேண்டும். ஆனால் காணி உரிமையும் யானைப் பாதுகாப்பும் எதிரிகள் அல்ல. 2021 இல் ஹம்பாந்தோட்டை வல்சபுகல விவசாயிகள் யானை முகாமைத்துவ ஒதுக்கத்தை வர்த்தமானியில் பிரகடனப்படுத்துமாறு கேட்டே சத்தியாக்கிரகம் இருந்தார்கள். யானைக்கு இடம் கிடைத்தால்தான் தமது வயல் தப்பும் என்பது அவர்களது கணக்கு. அவ்வாண்டே அரசாங்கம் அதனைப் பிரகடனப்படுத்தியது.

ஒரு முஸ்லிம் விதைத்ததிலிருந்து பறவையோ மனிதனோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்பது நபிமொழி. இதைச் சொல்லி, கடன்பட்டு விதைத்தவரிடம் பொறுமை கேட்பது நியாயமாகாது. அவரது இழப்பில் நாமும் பங்கெடுத்த பின்னரே அதைச் சொல்லும் தகுதி எமக்கு வரும்.

எனவே அடுத்த போக ஆரம்பக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் தேவை. தற்காலிக வேலிக்கான செலவை ஏக்கர் கணக்கில், நடுவயல்காரரும் காணிச் சொந்தக்காரரும் உட்பட, எல்லோரும் பகிர வேண்டும். வேலி பார்க்கும் முறைவரிசையை விவசாய அமைப்பு எழுத்தில் வைக்க வேண்டும். சட்டவிரோத மின்கம்பி இழுப்பதில்லை என வட்டை முழுவதும் உடன்பட வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் இதற்குத் துணை நிற்கலாம். பிரதேச சபைகள் குப்பைமேடுகளை ஒழுங்குபடுத்த வேண்டும். மின்பிறப்பாக்கிக்கும் கம்பிக்கும் அரசாங்கத்திடம் மகஜர் கொடுப்போம். ஆனால் அந்த மகஜரோடு பராமரிப்புக்குப் பொறுப்பானவர்களின் பெயர்ப்பட்டியலையும் இணைத்துக் கொடுப்போம்.