அகராதியைக் கொஞ்சம் மூடி வைங்க

எங்க நன்னி மௌத்தான ராத்திரி பக்கத்துல உக்காந்து யாசீன் ஓதினேன். ஒரு இடத்துலயும் தடுமாறல. ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. சின்ன வயசுலயே குர்ஆனை முழுசா ஓதி முடிச்சவன்னு வத்தலக்குண்டுல எங்க தெருவுக்கே தெரியும். இன்ஜினியரிங் முடிச்சு இத்தனை வருஷத்துல எத்தனையோ கம்ப்யூட்டர் மொழி கத்துக்கிட்டாச்சு. இந்த மொழி மட்டும் எனக்கு வெறும் சத்தமாவே இருந்தது.

அர்த்தம் தெரியாம ஓதினாலும் நன்மை உண்டுன்னு பெரியவங்க சொல்றதை நான் மறுக்கல. என் சண்டை, அர்த்தம் படிக்க உக்காந்தவங்களோட. அதாவது முதல்ல என்னோடவே! தெரியாத வார்த்தை வந்தா உடனே அகராதி, திரும்ப புத்தகம், திரும்ப அகராதி... ஒரு பக்கம் முடிக்க ஒரு சாயங்காலம் போச்சு. மறுநாள் பார்த்தா முக்காவாசி மறந்துபோச்சு. இது படிக்கிறது இல்லைங்க, வார்த்தை பொறுக்கறது.

நான் எடுத்த புத்தகம் அபுல் ஹசன் அலி நத்வி (மறைவு 1999) குழந்தைகளுக்காக எழுதின 'கஸஸுந் நபிய்யீன்'. முதல் கதை இப்ராஹீம் நபியோடது. ஒரு ஊரு, அதுல ஒரு ஆளு, எதையோ விக்கிறாரு. 'அஸ்னாம்'. என்ன அது? அகராதியைத் தொடாம மேல படிச்சேன். அந்த ஊர்ல 'கபீர்' ஆன ஒரு வீடு. கபீர்னா? தினமும் அஞ்சு வேளை 'அல்லாஹு அக்பர்'னு கேக்கறோம், அதே க-ப-ர. பெரிய வீடு! அதுக்குள்ள நிறைய அஸ்னாம். ஜனங்க அதுக்கு 'யஸ்ஜுதூன்'. ஸ-ஜ-த, நம்ம மஸ்ஜித்ல இருக்கிற அதே மூணு எழுத்து. ஸஜ்தா பண்றாங்க. அப்ப அஸ்னாம்னா சிலைங்க! அந்த வார்த்தை இந்த ஜென்மத்துக்கும் மறக்காது.

அரபியில பெரும்பாலான வார்த்தைக்கு மூணு எழுத்து வேர்தான் ஆதாரம். முன்னாடி 'ம' போட்டா பல சமயம் அது நடக்கிற இடம். எழுதற இடம் மக்தப், ஸஜ்தா பண்ற இடம் மஸ்ஜித், சமைக்கிற இடம் மத்பக். ஹான்ஸ் வேர் அகராதி இருக்கே, அதுவே வேர் வரிசையிலதான் அடுக்கியிருக்கும். 'மக்தபா'வை 'ம'வில தேடினா கிடைக்காது, 'க'வுக்குப் போகணும். ஆக அகராதியைத் திறக்கவே முதல்ல யூகிக்கத் தெரியணும்! 'காள' (சொன்னான்) மாதிரி நடு எழுத்து உருமாறி நிக்கிற வார்த்தைங்க மட்டும் கொஞ்சம் படுத்தும். அதோட வேர்ல நடுவுல 'வாவ்' ஒளிஞ்சிருக்கு.

முஸ்லிம் இல்லாதவங்களுக்கும் பாதி முதலீடு கையில இருக்கு. நிலக்கோட்டை தாலுகா ஆபீஸ் வாசல்ல அரை மணி நேரம் நில்லுங்க. வாரிசு, அசல், நகல், வசூல், பாக்கி, தாக்கல், அந்த தாலுகாவும் சேர்த்து எல்லாம் அரபியில இருந்து வந்ததுதான். மாஜி மந்திரியோட 'மாஜி'தான் அரபி இலக்கணத்துல இறந்தகாலம். ஆனா உஷாரு! 'தக்ரார்'னா அங்க திரும்பத் திரும்பச் செய்யறது, சண்டை கிடையாது. (ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னா இங்க தகராறுதான் வரும், அது வேற.) 'மஃமூல்'னு அரபு நாட்டுல கேட்டா பேரீச்சம்பழம் வச்ச பலகாரம் தருவாங்க :-) அதனால யூகிச்சதை அடுத்த வரியில வச்சுப் பார்க்கணும். அங்கயும் பொருந்தலைன்னா தூக்கிப் போட்டுடணும்.

உலகம் பூரா அரபி கத்துக்க வச்சிருக்கிற மதீனா பாடப்புத்தகங்களை எழுதின வி. அப்துர் ரஹீம் (1933-2023) நம்ம வாணியம்பாடிக்காரர். அந்தப் புத்தகத்துல மொழிபெயர்ப்பே கிடையாது. படத்தைக் காட்டி, அதே வாக்கிய அமைப்பைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, நம்மளையே கண்டுபிடிக்க வச்சிடுவாரு. இதை ஏன் நம்ம ஊர் மக்தப்ல வாரம் ஒரு பக்கம் செய்யக்கூடாது? எழுத்துக்கூட்டத் தெரிஞ்ச பிள்ளைங்கதானே? குர்ஆனுக்கு யூகத்துல அர்த்தம் சொல்ற வேலை மட்டும் வேண்டாம், அதுக்கு ஆலிம்களும் தஃப்ஸீரும் இருக்கு. நான் சொல்றது கதைப் புத்தகத்துக்கு.

போன லீவுல அக்கா மகன்கிட்ட அதே கதையைக் கொடுத்தேன். இப்ராஹீம் நபி 'ஃபஃஸ்' எடுத்து சிலைகளை உடைக்கிற இடம். "சுத்தியலா மாமா?"ன்னான். மேல படிடான்னேன். கதை முடிஞ்சப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அகராதியைத் திறந்தோம். கோடாலி. சிலை எப்படியும் உடைஞ்சிருச்சு!