பயனாளி அல்ல, தரப்பினர்

கட்டட வேலையில் தகராறு எதனால் வருகிறது என்று எந்தப் பொறியாளரிடமும் கேட்டுப் பாருங்கள், விரல்விட்டு எண்ணிச் சொல்வார். வரைபடம் தெளிவாக இல்லை. பாதியில் வேலையை மாற்றச் சொன்னார்கள். குறித்த நாளில் முடியவில்லை. பில் பணம் வரவில்லை. தோண்டிப் பார்த்தால் எதிர்பார்த்த மண் இல்லை. கட்டியது தரமாக இல்லை. ஏறக்குறைய எல்லா ஊரிலும் இதே பட்டியல்தான்.

தீர்ப்பதற்கும் அவர்களிடம் ஒரு படிக்கட்டு இருக்கிறது. முதலில் பொறுப்புப் பொறியாளர் முடிவு சொல்வார். அதை ஏற்காதவர் எழுத்தில் நோட்டீஸ் கொடுப்பார். அடுத்து பேச்சுவார்த்தை, சமரசம். பெரிய வேலைகளில் நிபுணர் குழு ஒன்றைத் தொடக்கத்திலேயே அமைத்து, பிரச்சினை முற்றுமுன் அதனிடம் கொண்டுபோவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் 1996ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டப்படி நடுவர் விசாரணை. நீதிமன்றம் கடைசியில்தான்.

இந்தப் படிக்கட்டில் ஏற ஒரு தகுதி வேண்டும். ஒப்பந்தத்தில் நீங்கள் ஒரு தரப்பாக இருக்க வேண்டும். நம் காலனியில் எழும் தொகுப்பு வீட்டுக்கும் சமுதாயக்கூடத்துக்கும் விடுதிக்கும் ஒப்பந்தம் போடுவது யார்? துறையும் ஒப்பந்ததாரரும். அந்தக் கூரையின் கீழ் வாழப்போகிறவருக்குப் பெயர் 'பயனாளி'. கல் சுமந்தவருக்குப் பெயர் 'கூலி'. ஒப்பந்ததாரருக்குப் பணம் தாமதமானால் அது தகராறு, அதற்கு நடுவர் உண்டு. கூரை ஒழுகினால் அது புகார், அதற்கு மனுநீதி நாள் உண்டு. ஒரே கட்டடத்தில் எழும் இரண்டு பிரச்சினைகளுக்கு இரண்டு கதவுகள். எந்தக் கதவு யாருக்கு என்பதில் சாதிக்கும் வர்க்கத்துக்கும் பங்கில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சுவரைக் கையால் சுரண்டினாலே பூச்சு உதிர்ந்தது. குடியிருந்தவர்கள் அதைக் காட்டினார்கள், காணொலி பரவியது. அதன் பிறகே பொறியாளர்கள் பணியிடை நீக்கம், சென்னை ஐ.ஐ.டி. சார்ந்த வல்லுநர்களின் ஆய்வு எல்லாம். கட்டடம் ஒப்படைக்கப்படும் முன் அளந்தவர்கள் உண்டு, பில்லில் கையெழுத்திட்டவர்கள் உண்டு. அந்த வரிசையில் குடியிருக்கப் போகிறவர் மட்டும் இல்லை.

இன்னொரு முரணையும் கவனியுங்கள். ஆந்திராவின் குண்டூர் பகுதியில் எய்ம்ஸ் மருத்துவமனை அமைப்பதற்கான வடிவமைப்பு ஒப்பந்தத்தில் ஒரு தகராறு வந்தது. அரசு நிறுவனத்தின் தலைவரே நடுவரை நியமிப்பார் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. முடிவில் அக்கறை உள்ளவர் தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று 2019இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருதலைப்பட்சமான நியமனம் சமத்துவத்துக்கு எதிரானது என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் சொன்னது. நல்ல தீர்ப்புகள். ஆனால் காலனிக்காரர் சுவர் விரிசலைப் பற்றி மனு கொடுத்தால் அதை விசாரிக்க யாரிடம் அனுப்புகிறார்கள்? பெரும்பாலும் அந்த வேலையைப் பார்வையிட்ட அதே துறையின் பொறியாளரிடம். கம்பெனிக்குக் கிடைக்கும் நடுநிலை நமக்கு ஏன் கிடைக்கவில்லை?

'எதிர்பாராத மண்' என்ற காரணத்தையும் நாம் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. மழைத் தண்ணீர் எங்கே தேங்கும் என்று ஊருக்கே தெரியும். மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி என்று வைத்ததும் அதே ஊர்தான். அந்தப் பள்ளத்தில் பட்டா கொடுத்து, வேறு இடத்துக்குப் போட்ட அடித்தளத்தையே இங்கேயும் போட்டுவிட்டு, சுவர் இறங்கிய பிறகு மண்ணைக் குறை சொல்வது பொறியியல் ஆகாது.

"இலவச வீட்டுக்கு இத்தனை கேள்வியா?" என்று கேட்பார்கள். களப்பணியில் இதை நான் அடிக்கடி கேட்கிறேன், சில சமயம் நம் மக்கள் வாயிலிருந்தே. ஒப்பந்ததாரர் அந்த வீட்டை இலவசமாகக் கட்டவில்லை. ஒவ்வொரு கன மீட்டருக்கும் மக்கள் பணத்தில் அளந்து வாங்கியிருக்கிறார். அளந்து கொடுத்தார்களா என்று கேட்பது பிச்சை கேட்பது ஆகாது.

அப்படியானால் என்ன செய்வது? போராட்டத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் வெல்பவர்கள் கையில் வைத்திருக்கும் ஆயுதத்தை நாமும் எடுக்க வேண்டும் என்கிறேன். அந்த ஆயுதம் தாள். நடுவர் முன் நிற்பவர் "வேலை மோசம்" என்று மட்டும் சொல்வதில்லை. எந்த நாளில், எந்த அளவில், எந்தச் சரத்துக்கு மாறாக என்று சொல்கிறார்.

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005இன் 2(ஜே) பிரிவைப் படியுங்கள். ஆவணங்களின் நகல் கேட்பதோடு அது நிற்கவில்லை. பணியை நேரில் பார்வையிடவும், பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. காலனியில் கொட்டியிருக்கும் மணலும் கலவையும் அதில் அடக்கம். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். மதிப்பீடு, ஒப்பந்த நகல், எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம், தரப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். முக்கியமாக, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எப்போது முடிகிறது என்று கேளுங்கள். அதுவரை வரும் குறையை ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். பிடித்து வைத்த பணமும் அதுவரை துறையிடம்தான் இருக்கும். பணம் திரும்பிப் போன பிறகு கொடுக்கும் மனுவுக்கும், அதற்கு ஒரு மாதம் முன் தேதியிட்ட புகைப்படங்களோடு கொடுக்கும் மனுவுக்கும் வித்தியாசம் மிகப் பெரிது.

கூலி விஷயமும் அப்படித்தான். மேஸ்திரி ஓடிவிட்டால் கொத்தனாரும் சித்தாளும் கூலி போச்சு என்று வீட்டுக்குத் திரும்புகிறார்கள். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதன் இடத்துக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் தொகுப்பும் அந்தப் பொறுப்பை விட்டுவிடவில்லை. ஆனால் அந்த இடத்தில் வேலை செய்தோம் என்று காட்ட வேண்டும். வருகை எழுதிய சின்ன நோட்டு, செல்போனில் வந்த பணத்தின் பதிவு, சாரத்தில் நின்று எடுத்த படம், நலவாரிய அட்டை எல்லாமே சான்று. நம் வீட்டு அம்மாக்களுக்கும் அண்ணன்களுக்கும் அந்த நோட்டை எழுதிக் கொடுப்பது கல்லூரி போகும் நம் வேலை.

இதெல்லாம் இருக்கும் கதவைத் திறக்கும் வழிகள். புதிய கதவுக்கான கோரிக்கையும் வேண்டும். காலனியில் நடக்கும் ஒவ்வோர் அரசுக் கட்டுமான ஒப்பந்தத்திலும் குடியிருப்போர் குழுவுக்கு எழுத்தில் இடம் வேண்டும். அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் கடைசி பில் போகக் கூடாது. புகாரை வேறு துறைப் பொறியாளரோ பொறியியல் கல்லூரியோ ஆய்வு செய்ய வேண்டும். கம்பெனிகளுக்குச் சட்டம் ஏற்றுக்கொண்ட அதே நியாயத்தைத்தான் கேட்கிறோம்.

உங்கள் ஊர்க் காலனியில் இப்போது ஏதாவது கட்டடம் எழுகிறதா? வேலை நடக்கும் இடத்தில் திட்டத்தின் பெயரும் மதிப்பீடும் எழுதிய பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உங்கள் முதல் கேள்வியை அதிலிருந்தே தொடங்குங்கள்.