பெட்டிக்கடையிலிருந்து ஒரு கோரிக்கை

என் பெட்டிக்கடையில் சிகரெட்டும் விற்கிறேன், ரீசார்ஜும் செய்துகொடுக்கிறேன். செல்போன் போதையைப் புகை, குடியோடு ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் ஒரு மாலை என் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கலாம்.

சிகரெட் விற்க எனக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே யாருக்கும் கொடுக்கக் கூடாது. அதற்கொரு பலகையும் வைக்க வேண்டும். பாக்கெட்டில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொள்கிறது. டாஸ்மாக்கூட இரவு 10 மணிக்குக் கதவைச் சாத்துகிறது. ரீசார்ஜுக்கு? ஏழாம் வகுப்புப் பையன் காசோடு வந்தால் நம்பரைக் கேட்டுப் போட்டுவிடுகிறேன்.

அதிலும் 'தினம் 2 ஜிபி' திட்டம் பொல்லாதது. பீடிக்கட்டில் நாலு மிஞ்சினால் நாளைக்கு ஆகும். டேட்டா மிஞ்சினால் நள்ளிரவில் காலாவதி. "வீணாப் போகுதுல்லண்ணே" என்று பதினொன்றரை மணிக்கு ரீல்ஸ் தள்ளுகிறவர்கள் என் தெருவிலேயே உண்டு.

ஆனாலும் ஒப்பீடு முழுசாகப் பொருந்தாது. பீடியை விட்டவன் எதையும் இழப்பதில்லை. போனை விட்டால் வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடம் போகும், கேஸ் புக்கிங் போகும், என் கடைக்கு ஜிபே வராது. அதனால் 'தூக்கிப் போடு' என்று பிள்ளையைத் திட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைப்பதைத் தடுத்தபோது, அபராதத்தைப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ வைக்கவில்லை. நிறுவனங்களுக்கு வைத்தது, 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. இங்கே முதலில் மிச்ச டேட்டாவை மறுநாளுக்குச் சேர்க்கும்படி செல்போன் நிறுவனங்களிடம் அரசு சொல்லட்டும். என் கமிஷன் குறைந்தால் குறையட்டும்.